மாமாவின் 22 வருஷம் எங்கே போனது?

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு நடந்த இரங்கல் கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள், "உங்க மாமாவைப் பத்தி எவ்வளவு பெருமையா பேசியிருக்காங்க பாரு" என்று. பார்த்தேன். துக்க வீட்டுச் சமயம், எதுவும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அத்தை போனில் அழுதார். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேடையில் பேசியவர் கால் மணி நேரம் பேசினார். எல்லைச்சாமி என்றார். எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய சிங்கம் என்றார். கை தட்டினார்கள். கடைசியில், மைக்கைக் கொடுக்கப் போகும்போது, "ரிட்டயர்டு ஆன பிறகு ஒரு ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தாரு" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

மாமா ராணுவத்தில் இருந்தது 17 வருஷம். ஆஸ்பத்திரியில் இருந்தது 22 வருஷம், 1997-லிருந்து 2019 வரை. குடியாத்தத்திலும் பரதராமியிலும் அந்தப் பக்கம் சித்தூர் வரைக்கும் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அந்த 22 வருஷத்தால்தான் தெரியும். அதற்கு ஒரே ஒரு வரியா?

அடுத்தது, அவர் யாரையும் சுட்டதில்லை. அவர் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்ட். லக்னோவில் பயிற்சி. ரத்தத்தை நிறுத்துவது, எலும்பு முறிந்தால் அசையாமல் கட்டுவது, நாலு பேர் ஒரே நேரத்தில் வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்வது, இதுதான் அவர் வேலை. மருத்துவப் பிரிவில் இருப்பவர்கள் தங்களையும் நோயாளியையும் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே ஆயுதம் வைத்திருக்கலாம் என்று 1949 ஜெனீவா ஒப்பந்தமே சொல்கிறது. அடிபட்டு வந்தவன் எதிராளியாக இருந்தாலும் கட்டுப் போட்டாக வேண்டும். இப்படி வாழ்ந்த மனுஷனைப் பற்றி, மனைவியை மேடையில் உட்கார வைத்துக்கொண்டு, "சுட்டு வீழ்த்தினார்" என்று சொன்னால் அத்தைக்கு எப்படி இருக்கும்? அத்தை அழுதது பெருமையில் இல்லை.

நல்ல எண்ணத்தில்தானே பேசினார், இதைப் போய்ப் பெரிதாக்கலாமா என்பீர்கள். நல்ல எண்ணம்தான், சரி. பேசுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

கேட்டிருந்தால் பாம்புக்கடி பற்றிச் சொல்லியிருப்பார்கள். நம் பக்கம் நிலக்கடலைக் காடும் மாந்தோப்பும் கல்லுக்குன்றும்தான். கண்ணாடி விரியன், சுருட்டை, கட்டுவிரியன், நாகம் நாலும் உண்டு. மழை விட்ட பிறகு கடலை பிடுங்கும் நாளில் எத்தனை பேரை டிவிஎஸ்-50-இல் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு வந்திருக்கிறார்கள். காலில் கயிற்றை இறுகக் கட்டி, சிலர் பிளேடால் கீறியும் கொண்டு வருவார்கள். மாமா சத்தம் போட மாட்டார். டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊசிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, கயிற்றை மெதுவாகத் தளர்த்துவார். அப்புறம் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து அசைக்காமல் 20 நிமிஷம் நிறுத்தி வைப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தக் குழாயை சோப்புப் பவுடர் போட்டுக் கழுவினால் சோதனையே தப்பாகப் போகும். அதனால் அந்தக் குழாய்களை மட்டும் தனி டப்பாவில் போட்டு, வேறு யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்தார். விஷமுறிவு மருந்து ஏற்றும்போது சிலருக்கு உடம்பு தடித்து மூச்சு திணறும். அதனால் மருந்து பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே அட்ரினலின் ஊசியை ஏற்றித் தட்டில் வைத்துவிடுவார். டாக்டர் கேட்கும்வரை காத்திருந்ததில்லை.

வி.கோட்டா, பலமநேர் பக்கமிருந்து வருபவர்களோடு தெலுங்கில் பேசுவார். வட இந்தியத் தொழிலாளிகள் வந்தால் இந்தியில் பேசுவார், பட்டாளத்தில் கற்றுக்கொண்டது. தீப்பெட்டி பட்டறையில் மருந்து பிடித்து எரிந்து கை வெந்து வந்த ஒரு பெண்ணுக்குத் தினம் கட்டு மாற்றும்போது, அந்தப் பெண்ணின் அம்மா அழாமல் இருக்க மாமா ஓயாமல் பேசிக்கொண்டே கட்டுவார். நான் கூடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். அந்த மனுஷரைப் போல ஆக வேண்டும் என்று நினைத்தது துப்பாக்கியைப் பார்த்து இல்லை.

இப்போது அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருப்பதற்கு வருகிறேன். "ஊசி போடுற கம்பவுண்டர்தானே, ஊருக்கு ஊர் இருக்கிற போலி டாக்டர் மாதிரி" என்று. இதைப் படித்ததும் கை நடுங்கியது. மாமா வாழ்க்கையில் ஒரு மருந்துச் சீட்டு எழுதியதில்லை. வீட்டில் ஊசி போட்டதில்லை. சொந்தக்காரர்களே காய்ச்சல் என்று வாசலில் வந்து நின்றால், "ஆஸ்பத்திரிக்கு வா, டாக்டர் பார்க்கட்டும்" என்று திருப்பி அனுப்புவார். எத்தனை பேர் அதற்காகக் கோபித்துக்கொண்டார்கள்! ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் இன்றைக்குக் குடியாத்தத்தில் மாடி வீடு இருந்திருக்கும். அத்தை இன்னும் ஓட்டு வீட்டில்தான் இருக்கிறார்.

அவரிடம் நர்சிங் கவுன்சில் பதிவு இல்லை என்பது உண்மை. பட்டாளத்து நர்சிங் அசிஸ்டென்ட் சான்றிதழை வெளியே எடுத்துக்கொண்டு வந்தபோது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எக்ஸ் சர்வீஸ்மேனா? வாசலில் செக்யூரிட்டி வேலை இருக்கு" என்றார்கள். லே பக்கம் உயரத்தில் மூச்சுக்குத் திணறியவர்களை இரவெல்லாம் ஆக்சிஜன் வைத்துப் பார்த்துக்கொண்ட ஆளுக்கு வாசலில் ஸ்டூல். கடைசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி டாக்டர்தான், "கேஷுவாலிட்டியில் நில்லுங்க, நான் சொல்வதைச் செய்யுங்க" என்று சேர்த்துக்கொண்டார். சம்பளம் கடைசி வரை குறைவு. பதிவு இல்லாதது அவருடைய குற்றமா? அத்தனை வருஷப் பயிற்சியை வெளியே மதிக்க வழி வைக்காதவர்களைக் கேட்க மாட்டீர்கள். செத்துப்போனவரைக் கேட்பீர்கள்.

ராணுவத்தை மட்டம் தட்டுகிறாய் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனதும் 14 பேர் உயிர் விட்டதும் கல்லில் எழுதியிருக்கிறது. வீட்டுக்கு ஒரு பட்டாளத்து ஆள் இருக்கும் மாவட்டம் இது. ஆற்காட்டை இனிஷியலாக வைத்திருந்த ஏ.ஜி. ரங்கராஜைத் தெரியுமா? 1950-இல் 60 பாரா ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற ராணுவ மருத்துவப் பிரிவைக் கொரியப் போருக்கு அழைத்துப்போன டாக்டர். 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு அவருடைய பிரிவு பாராசூட்டில் குதித்தது, அடிபட்டவர்களைப் பார்க்க. மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பில் வேலை செய்தார். மேடையில் அவர் பெயரை ஒருவராவது சொன்னீர்களா?

மாமா 1987-இல் யாழ்ப்பாணம் போனார். இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படை. அதைப் பற்றி வீட்டில் அவர் பேசியதே இல்லை. ஒரே ஒரு தடவை அத்தையிடம் சொன்னாராம், காயம்பட்டு வந்த பொம்பளைகள் "தம்பி, நீ தமிழா?" என்று கேட்டதும் பதில் சொல்ல வாய் வரவில்லை என்று. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரியா தப்பா என்று இங்கே சண்டை போட வரவில்லை. திரும்பி வந்தவர்கள் ஊரில் தலை நிமிர்ந்து அதைச் சொல்ல முடியாமல் இருந்தார்கள், அதுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது யாரும் மாலை போடவில்லை. அந்த யாழ்ப்பாணத்தையே இப்போது எடுத்து, "அங்கே போய் வீழ்த்தினார்" என்று கைதட்டல் வாங்குகிறீர்கள். அவர் அங்கே கட்டுப் போட்டது யாருக்கு என்று தெரியுமா உங்களுக்கு?

அடுத்த வாரம் படத்திறப்பு வைத்திருப்பதாகச் சொன்னார்கள். துப்பாக்கியோடு கணினியில் வரைந்த படம் வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார், நானும் சொல்கிறேன். கேஷுவாலிட்டியில் எடுத்த படம் வீட்டில் இருக்கிறது, அதைக் கொடுக்கிறோம். மைக் பிடிக்கப் போகிறவர் பரதராமி பஸ் நிறுத்தத்தில் பத்துப் பேரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

மாமாவிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள், அப்பாவையோ பிள்ளையையோ அந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். எந்த வருஷம், என்ன நடந்தது என்று எழுதினால் போதும். தெலுங்கில் எழுதினாலும் பரவாயில்லை, அத்தைக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும்.