மனசு சரியில்லாத அம்மா எழுதுவது

அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. ஹோமியோபதி கூட்டம் நடந்த மண்டபத்தில் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த முழிக்கும் நீலச் சேலை நான்தான். "அக்கா, ஃபேமஸ் ஆயிட்டீங்க" என்று சிரிப்பு பொம்மை போட்ட தம்பிகளுக்கும் வணக்கம்.

வெட்டி ஒட்டியவர்கள் ஒன்றை மட்டும் வசதியாக விட்டுவிட்டார்கள். பதில் இருக்கிறது, கூட்டத்தின் சிரிப்பு இருக்கிறது, என் கேள்வியைக் காணோம். ஐபிஎஸ் என்றால் போலீஸ் இல்லை, வயிற்றுவலியோடு வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ அடிக்கடி படுத்துகிற குடல் எரிச்சல் நோய். நான் கேட்டது இவ்வளவுதான்: "ஐபிஎஸ்ஸுக்கு டெஸ்ட்டே வேண்டாம், பழைய ஃபைலைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்றீங்களே சார், வந்தவருக்கு மலத்துல ரத்தம் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" இதற்குத்தான் மேடையில் இருந்த ஹோமியோபதி பிரமுகர், "இந்த அம்மாவுக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு, மனசுதான் சரியில்ல" என்று திருவாய் மலர்ந்தார். ஆறே மாதத்தில் வேரோடு குணம் என்று அதற்குக் கொஞ்சம் முன்னால் சொன்னதும் அதே வாய்தான்.

சரி, மனசு சரியில்லாத அம்மா இன்றைக்கு நீளமாக எழுதப் போகிறாள். நேரம் இல்லாதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

நான் ஹோமியோபதிக்கு ஜென்ம விரோதி கிடையாது. அதன் சின்னச் சர்க்கரை உருண்டையைச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து நக்கலடிக்கிற கூட்டத்திலும் இல்லை. என் சண்டை ஒன்றே ஒன்று. ரத்தம் போகிறது என்று ஒருவர் சொன்னால், உருண்டை கொடுப்பவரோ ஊசி போடுபவரோ, அவரை டெஸ்ட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும். இதைக் கேட்டதற்குத்தான் எனக்கு இந்தப் பட்டம்.

கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு இந்த வியாதி. பஸ்ஸில் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் படிக்குப் பக்கத்து சீட்டைப் பிடிப்பவர்கள் யாரென்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் இனம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் மோர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, "பொண்ணு வீட்டு சாப்பாடு பிடிக்கலையாம்" என்று பேர் வாங்கியவளும் நான்தான். (அந்த மோரும் சில நாள் காலை வாரிவிடும். அது தனிக் கதை.)

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் ஃபிலிமைப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன் ஆகாதீங்க" என்றார். அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிட்டது. ஒன்றுமில்லையாம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் நாலு தடவை ஓடுகிறவளுக்கு ஒன்றுமில்லையாம்.

அதற்கப்புறம்தான் எங்கள் தெருவில் இருந்த ஹோமியோ டாக்டர். வயசானவர், முறையாகப் படித்தவர். அவர் கேட்ட கேள்விகள் இன்னும் காதில் இருக்கின்றன. வலி எந்தப் பக்கம், போய்விட்டு வந்தால் குறைகிறதா, எழுந்த உடனேயா காபி குடித்த பிறகா, ஊருக்குக் கிளம்பணும் என்றால் முந்தின ராத்திரியே ஆரம்பிக்கிறதா. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ரத்தம் போகுதாம்மா? எடை குறைஞ்சிருக்கா? தூக்கத்துல எழுந்து ஓட வேண்டியிருக்கா? வீட்ல யாருக்காவது குடல்ல புற்றுநோய் இருந்திருக்கா?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அப்படியும் ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்துவிட்டு வரச் சொல்லி லேபுக்கு அனுப்பிய பிறகுதான் அர்ஜென்டம் நைட்ரிகம் என்கிற ஹோமியோ மருந்தைக் கொடுத்தார். காபி கூடாது, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது.

எனக்கு நன்றாகவே குறைந்தது. இதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

ஆனால் எதனால் குறைந்தது? இங்கேதான் இரண்டு கட்சிக்காரர்களும் என்னை அடிக்க வருவார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஐபிஎஸ்ஸுக்கென்று ஃபோட்மாப் குறைந்த உணவு முறை ஒன்றை வகுத்தார்கள். குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பாக்டீரியாவிடம் மாட்டிப் புளித்து வாயுவாகிற மாவுச்சத்து, சர்க்கரை வகைகளைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்பது. அந்தப் பட்டியலில் முன்வரிசையில் நிற்பவை வெங்காயமும் பூண்டும். காபி குடலை முடுக்கிவிடும் என்பது காலையில் அதைக் குடிக்கிற எல்லோருக்குமே தெரியும். மருந்தின் சக்தி கெட்டுவிடும் என்று ஹோமியோபதியில் நிறுத்தச் சொல்வதும் இதே மூன்றைத்தான். அப்புறம் எது வேலை செய்தது என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஒரு பங்கு மருந்துக்கு 99 பங்கு தண்ணீரோ ஸ்பிரிட்டோ, அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடியும் 99. இப்படி 30 தடவை செய்தால் 30சி. ஒன்றுக்குப் பின்னால் 60 பூஜ்யம். 12 தடவையைத் தாண்டும்போதே மூல மருந்தின் ஒரு மூலக்கூறு கூட மிஞ்சுவது சந்தேகம். 1970களில் ஜெர்மனியில் மலச்சிக்கல் வகை ஐபிஎஸ்காரர்களுக்கு ஹோமியோபதி மருந்து ஒன்றைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். எந்த மருந்து தெரியுமா? அசஃபோடிடா. நம் வீட்டு ரசப் பெருங்காயமேதான்! கொஞ்சம் பேருக்குக் குறைந்த மாதிரி இருந்தது. அந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2013இலும் 2019இலும் அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் குழு, இவற்றின் தரத்தை நம்பி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டது. மேடையில் அந்தப் பிரமுகர் "உலகமே ஒத்துக்கிட்டது" என்று சொன்னது எந்த உலகத்தை என்று தெரியவில்லை.

நக்கல் தம்பிகளே, கைதட்ட அவசரப்படாதீர்கள். உங்களுக்கும் இருக்கிறது. 2008இல் ஹார்வர்டின் டெட் கேப்ட்சக் குழு 262 ஐபிஎஸ்காரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தது. ஒரு பகுதியினருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை, பெயரைப் பதிந்து காத்திருப்பு மட்டும். 28 சதவீதம் பேர் பரவாயில்லை என்றார்கள். இன்னொரு பகுதியினருக்குப் போலி அக்குபங்சர், டாக்டர் வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டார். 44 சதவீதம். மூன்றாவது பகுதியினருக்கும் அதே போலி ஊசிதான், ஆனால் முதல் நாள் டாக்டர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அன்பாகக் கேட்டுக்கொண்டார். 62 சதவீதம். ஊசி போலி. கேட்டுக்கொண்டது நிஜம். எங்கள் தெரு டாக்டரிடம் எனக்குக் கிடைத்ததும் அதில் ஒரு பங்குதான் என்று நினைக்கிறேன். அதைக் கொடுக்க எந்தப் பட்டமும் வேண்டாமே! பெரிய ஆஸ்பத்திரியில் ஏன் கிடைக்கவில்லை? "படிச்ச பொம்பளை போய் உருண்டை சாப்பிடுறியே" என்று என்னைக் கேட்டவர்கள், இதை ஏன் கொடுக்கவில்லை என்று அங்கேயும் போய்க் கேட்டிருக்கலாம்.

இப்போது எங்கள் அத்தான் கதை. பெரியக்கா வீட்டுக்காரர். வயிற்றுப்போக்கு, வலி. எல்லோரும் "உன் மச்சினிச்சிக்கு இருக்கறதுதான் உனக்கும்" என்றார்கள். எங்கள் தெரு டாக்டர் அதற்குள் காலமாகிவிட்டார். அத்தான் போனது விளம்பரம் பார்த்து, நகரத்தில் ஏசி போட்ட ஒரு கிளினிக்குக்கு. ஆறு மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினார். கொஞ்ச நாளில் ரத்தம் போக ஆரம்பித்தது. அங்கே சொன்னது என்ன தெரியுமா? "முதல்ல அதிகமாகும். உள்ள இருக்கற நோய் வெளிய வருது. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்." அத்தான் சந்தோஷமாக வந்து அக்காவிடம் சொன்னார். மருந்து வேலை செய்கிறதாம். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது, மருந்து வேலை செய்கிறதாம்!

அக்கா அழுது அடம்பிடித்து வேறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒரு டெஸ்ட். குடலில் நிஜமான அழற்சி இருந்தால் ஏறிக் காட்டிவிடும், வெறும் ஐபிஎஸ்ஸில் பெரும்பாலும் ஏறாது. அவருக்கு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கொலனோஸ்கோபியில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குடலில் புண். நம் ஊரில் குடல் டிபியும் இப்படி வேஷம் போடும் என்று அதற்கும் சேர்த்துப் பார்த்தார்கள். மண்டபத்தில் நான் கேட்ட கேள்வி அங்கிருந்து வந்தது. என் மனசிலிருந்து வரவில்லை.

"ஹோமியோபதியை அரசாங்கமே அங்கீகரிச்சிருக்கு, நீ யாரு?" என்று இன்பாக்ஸில் ஒருவர். உண்மைதான். 1973இலேயே சட்டம் வந்தது, 2020இல் தனி ஆணையச் சட்டமும் வந்தது. நம் மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்திலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. ஆனால் அந்தப் படிப்பில் உடற்கூறியல் உண்டு, நோய்க்குறியியல் உண்டு. பாஸ் செய்த ஒருவருக்கு மலத்தில் ரத்தம் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்குமா? தெரிந்தே மேடையில் சிரிக்கிறார் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

"அலோபதியில தப்பே நடக்கலையா?" நடக்கிறது. மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

"பக்க விளைவே கிடையாதே." உருண்டைக்குப் பெரும்பாலும் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். அத்தானுக்குத் தள்ளிப்போன மாதங்களுக்கு உண்டு.

"எனக்குக் குணமாச்சே." ரொம்ப சந்தோஷம். எனக்கும் குறைந்தது என்றுதானே எழுதியிருக்கிறேன்? ஐபிஎஸ் தானாகவே ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரைத் தேடி ஓடுகிறோம். அதன் பிறகு எது சாப்பிட்டாலும் இறங்குகிற மாதிரிதான் தெரியும்.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது அந்த "மனசு"தான். மனசுக்கும் குடலுக்கும் தொடர்பு இருக்கிறது. அதை யார் மறுத்தார்கள்? இந்த வியாதியையே இப்போது குடலும் மூளையும் பேசிக்கொள்வதில் வருகிற கோளாறு என்றுதான் நிபுணர்கள் வகைப்படுத்துகிறார்கள். அமிட்ரிப்டிலின் என்கிற பழைய மனச்சோர்வு மாத்திரையைச் சின்ன அளவில் கொடுத்தால் ஐபிஎஸ்காரர்களுக்குக் குறைகிறது என்று 2023இல் இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. பிற்பாடு எனக்கும் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உங்கள் குடலுக்கு உணர்ச்சி அதிகம், அதைக் கொஞ்சம் தணிக்கத்தான் இது என்று படம் போட்டு விளக்கினார். மேடையில் ஒலிபெருக்கி வைத்து முந்நூறு பேர் முன்னால் "மனசு சரியில்ல" என்பது வைத்தியமா? ஒரு ஆம்பளை எழுந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால் இதே பதில் வந்திருக்குமா? சிரித்த வரிசையில் எனக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன. அவர்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்து, யாருக்கும் சொல்லாதே என்று கெஞ்சி, இதே வயிற்றுப் பிரச்சினைக்கு என்னிடம் யோசனை கேட்டவர்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

அன்ஃபிரண்ட் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். போகிறதுக்கு முன்னால் இதை மட்டும் கேளுங்கள்: மலத்தில் ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, ரத்தசோகை என்றாலோ, ஐம்பது வயசுக்கு மேல் புதிதாக இப்படி ஆரம்பித்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட வைத்தாலோ, முதலில் டெஸ்ட். அப்புறம் உருண்டையோ கஷாயமோ உங்கள் இஷ்டம்.

அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டவர்களுக்கு: நன்றாக இருக்கிறார், எடை திரும்பிவிட்டது. குடல் அழற்சியைத் தணிக்கிற மெசலமைன் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், அக்கா எண்ணி எடுத்துக் கையில் வைக்கிறாள். கூடவே வேறு ஒருவரிடம் உருண்டையும் வாங்கிச் சாப்பிடுகிறார். போன வாரம் வந்த சொந்தக்காரர் எதில் குணமாச்சு என்று கேட்டதற்கு, மனுஷன் சட்டைப் பையிலிருந்து உருண்டை டப்பாவை எடுத்துக் காட்டுகிறார்.