வாளை எடை போட்டால் மட்டும் போதாது

ஐரோப்பிய நீள்வாள் (இரு கையால் பிடிக்கும் வாள்) பழகுகிறவர்கள் புது வாளைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ?" நானும் ரொம்ப நாள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரே எடையுள்ள இரண்டு பயிற்சி வாள்களை அடுத்தடுத்து வீசிப் பார்த்தேன். ஒன்று நினைத்த இடத்தில் நின்றது. மற்றது சுத்தியல் மாதிரி கையை முன்னால் இழுத்தது. எடை வாளில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

வாளை முனை கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். குறுக்குக் காப்பை (பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக இருக்கும் கம்பியை) ஒட்டிப் பிடியை இரண்டு விரலால் பிடித்து, பக்கவாட்டில் லேசாக ஆட்டுங்கள். அலகில் ஓரிடம் மட்டும் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அது முனைக்குப் பக்கத்தில் இருந்தால், கை கொஞ்சம் ஆடினாலும் முனை குறியை விட்டு விலகாது. தராசு இதைச் சொல்லாது.

பாதுகாப்புக் கவசங்களிலும் இதே கதைதான். முகக்கவசத்தில் 1600 நியூட்டன் என்று போட்டிருந்தால், அதன் கழுத்துத் துணி குத்தைத் தாங்கும் அளவு அது. ஓங்கி விழும் வெட்டின் அதிர்ச்சி தலைக்குள் எவ்வளவு போகும் என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இன்னொன்று. தடித்த கையுறை போட்டு நாலு ஆட்டம் ஆடிவிட்டு, "இந்த உத்தி வேலைக்கு ஆகாது" என்று அதைச் சொல்லித்தந்த பழைய வாள்வித்தை ஏட்டுக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த, வாளும் சிறு கேடயமும் கற்பிக்கும் ஐ.33 என்ற படச் சுவடியைப் பாருங்கள். அதன் படங்களில் வரும் பாதிரியாரும் மாணவரும் வெட்டப் போகும்போதெல்லாம் சிறு கேடயம் வாள் பிடித்த கையை ஒட்டியே போகிறது. கையுறை இல்லாத கைகள்! கையில் வெட்டு விழுமே என்ற அந்தப் பயத்தைக் கழற்றி வைத்துவிட்டால் கேடயம் ஏன் அங்கே இருக்கிறது என்பதே புரியாது. 1570இல் வெளிவந்த, ஜெர்மானிய வாள் ஆசான் மேயரின் நூலிலும் நீள்வாளால் குத்துவது ஜெர்மானியரிடம் வழக்கொழிந்துவிட்டது என்று வருகிறது. அந்தப் பயிற்சி மரபை மறந்துவிட்டு அவர் உத்திகளை எடைபோட முடியுமா?

அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். வாளையோ, கையுறையையோ, வேகத்தையோ. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எழுதியும் வைக்க வேண்டும். நான் ஒரு மாதம் எழுதினேன்: எந்த வெட்டு, எந்தத் திறப்பில் (காப்பில்லாமல் விட்ட இடத்தில்) விழுந்தது, திருப்பி அடி வாங்கினேனா. என்னுடைய பலம் என்று நம்பிய மேலிருந்து இறங்கும் சினவெட்டில் பெரும்பாலும் இருவருமே அடி வாங்கியிருந்தோம். இப்போது வாரத்தில் ஒரு நாள் மெல்லிய கையுறை, நைலான் வாள், பாதி வேகம். முகக்கவசம் மட்டும் எப்போதும் உண்டு. அந்த நாட்களில் என் கைகள் தாமாகவே குறுக்குக் காப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.