அண்ணாச்சி கடை ஆண்டறிக்கை

(மளிகை மொத்த வியாபாரக் கடை. உள்ளே ஆடிட்டர் காத்திருக்கிறார். கல்லாவில் அண்ணாச்சி, கணினி முன்னால் சாஃப்ட்வேர்க்காரர் குமார்.)

அண்ணாச்சி: வருஷ அறிக்கையை அமுக்கினால் அரை நிமிஷம் சுற்றிவிட்டு டைம்அவுட் என்கிறது. அதனால் நாலு கவுண்டரிலும் ஒரே நேரத்தில் அமுக்கச் சொன்னேன். ஒன்றிலாவது வராதா?

குமார்: அதனால்தான் பில் போடுவதும் நின்றுபோனதா?

அண்ணாச்சி: அது எப்படி உனக்குத் தெரியும்?

குமார்: நாலு பேரும் ஒரே டேட்டாபேஸைத்தானே பிடித்து இழுக்கிறீர்கள். டேட்டாபேஸ் தேடிக்கொண்டுதான் இருக்கிறது அண்ணாச்சி. நம்ம புரோகிராம்தான் போதும் என்று கிளம்பிவிடுகிறது. அதை எழுதியிருக்கும் டாட்நெட்டில் எதுவும் சொல்லாவிட்டால் 30 விநாடிதான் காத்திருக்கும்.

அண்ணாச்சி: 300 ஆக்கு.

குமார்: ஆக்கலாம். 0 போட்டால் கெடுவே கிடையாது.

அண்ணாச்சி: பிறகென்ன, 0 போடு!

குமார்: பிழை வராது. அறிக்கையும் சீக்கிரம் வராது.

அண்ணாச்சி: போன வாரம் நீ ஓட்டியபோது மட்டும் வந்ததே?

குமார்: அது மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ, டேட்டாபேஸை நேராகத் திறந்து கேட்கிற கருவி. அதில் ஆரம்பத்திலிருந்தே 0தான். நீங்கள் காபி குடித்துவிட்டு வரும்வரை ஓடியது.

அண்ணாச்சி: காபி மட்டுமா? இரண்டு வடையும் சாப்பிட்டேன். சரி, அப்படி என்னதான் தேடுகிறது?

குமார்: (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியான குவெரியைத் திறந்து பார்த்து) ஐயோ. உங்கள் கணக்கு வருஷம் ஏப்ரலில் தொடங்குகிறது இல்லையா? அதற்காக ஒவ்வொரு பில் தேதியையும் மூன்று மாதம் பின்னால் தள்ளி, வருஷம் 2024 வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

அண்ணாச்சி: என் பில் தேதியையா? ஜிஎஸ்டி ஆபீசருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

குமார்: பில் மாறாது அண்ணாச்சி, மனக்கணக்குதான். ஆனால் இரண்டு கோடி பதிவுக்கும் போட வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சி: தேதியை வைத்துச் சட்டென்று தேட இண்டெக்ஸ் போட்டாயே, அது என்ன ஆனது?

குமார்: தேதியும் தொகையும் சேர்த்தே போட்டிருக்கிறேன். ஆனால் அதில் இருப்பது பில்லில் உள்ள தேதி. இவர்கள் கேட்பது தள்ளிய தேதியை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முதல் பதிவிலிருந்து கடைசி வரை படிக்கிறது.

அண்ணாச்சி: எந்தப் புண்ணியவான் எழுதியது?

குமார்: எனக்கு முன்னால் இருந்தவர். இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறார்.

அண்ணாச்சி: இருப்பான், இருப்பான்.

குமார்: தேதியை அப்படியே விட்டுவிட்டு, 2024 ஏப்ரல் 1 முதல், 2025 ஏப்ரல் 1-க்கு முன்னால் வரை என்று கேட்கிறேன்.

அண்ணாச்சி: மார்ச் 31 வரை என்று நேராகச் சொல்லேன்.

குமார்: பில்லில் நேரமும் இருக்கிறதே. தேதியை மட்டும் சொன்னால் 31-ஆம் தேதி பிறக்கிற நள்ளிரவு 12 மணியோடு நின்றுவிடும். அன்றைய விற்பனை முழுக்கப் போய்விடும்.

அண்ணாச்சி: வருஷக் கடைசி நாள் விற்பனையா? வேண்டாம், நீ சொன்னபடியே போடு.

(பொத்தானை அமுக்குகிறார். இரண்டு விநாடியில் அறிக்கை வருகிறது.)

அண்ணாச்சி: இது செல்லாது.

குமார்: ஏன் அண்ணாச்சி?

அண்ணாச்சி: இவ்வளவு சீக்கிரம் எப்படி வரும்? அவசரத்தில் பாதி பில்லை விட்டிருக்கும்.

குமார்: வடை சாப்பிட்ட அன்று வந்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அண்ணாச்சி: (கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரல் வைத்துப் பார்த்து) பைசா மாறவில்லை. தம்பி, இந்த 30 விநாடிக் கெடுவைக் கடன் வாங்கிப் போனவர்களுக்குப் போட முடியுமா?

குமார்: முடிந்தால் முதலில் உங்களுக்குத்தான் போடுவேன். அந்த இண்டெக்ஸ் போட்ட காசே இன்னும் வரவில்லை.

அண்ணாச்சி: அதற்கென்ன, உன் பில்லையும் ஒரு மூன்று மாதம் தள்ளிவிடு.