ஓரங்களை வெட்டாதீர்கள்

பழைய தெருப் படம் ஒன்று கண்ணில் பட்டதும் நடுவில் நிற்கும் மணிக்கூண்டைப் பார்க்கிறோம், "அந்தக் காலத்துல ஊர் எவ்வளவு அமைதியா இருந்திருக்கு" என்று பெருமூச்சு விடுகிறோம், பகிர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. மணிக்கூண்டைப் பற்றி வேறு எங்கேயும் படித்துக்கொள்ளலாம். ஓரத்தில் இருக்கும் கடைப் பலகை, பாதி கிழிந்த சுவரொட்டி, சாக்கடை, கம்பத்திலிருந்து போகும் ஒயர், தற்செயலாக உள்ளே வந்துவிட்ட ஆள் ஆகியவற்றைப் பற்றி பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. பகிரும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்த ஓரம்தான்.

முதலில் அந்த அமைதியையே எடுத்துக்கொள்வோம். 1838இல், ஒளிப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் பாரிஸ் நகரின் பூல்வார் து தாம்ப்ல் சாலையை மேலிருந்து படம் எடுத்தார். வண்டிகளும் ஆட்களும் ஓயாமல் போய்வந்த சாலை அது. படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்தக் கால கேமராவில் ஃபிலிமுக்குப் பதிலாக இருந்த தகட்டில் ஒளி பதியப் பல நிமிடம் பிடித்ததால் நகர்ந்தவர்கள் யாரும் விழவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்றதால் ஒரு மனிதர் மட்டும் பதிந்துவிட்டார். அதற்குப் பிந்தைய பல ஆண்டுப் படங்களிலும் தெருவில் புகை மாதிரி ஒரு கறை தெரியும். அது நடந்துபோன யாரோ ஒருவர். காலியான தெருவைப் பார்த்து ஏங்குவதற்கு முன்னால் கேமரா எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று யோசிப்பது நல்லது.

அப்புறம், படத்தை எடுக்கச் சொன்னது யார்? இந்தக் கேள்வி மிக முக்கியம் என்று நினைக்கிறேன். 1860களில் பாரிஸின் பழைய சந்துகளை, நகரைப் புதுப்பிக்கும் பொறுப்பில் இருந்த அதிகாரி ஓஸ்மான் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது, நகர நிர்வாகத்துக்காக சார்ல் மார்வில் என்ற ஒளிப்படக்காரர் அந்தத் தெருக்களை 400க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். கல் பாவிய சந்தின் நடுவே ஓடும் சாக்கடை, சுவர் முழுக்க விளம்பரம், ஈரம் காயாத தரை எல்லாம் அவர் படங்களில் அவ்வளவு துல்லியமாக இருக்கின்றன. கிளாஸ்கோவில் 1868 முதல் 1871 வரை தாமஸ் ஆனன் எடுத்த ஏழைக் குடியிருப்புச் சந்துகளும் இதே கதைதான். படம் எடுக்கச் சொன்னது அந்த இடங்களை இடிக்கவிருந்த நகரச் சீரமைப்பு அமைப்பு. இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், மேலே கொடியில் துணி, கீழே கலங்கிய முகத்தோடு குழந்தைகள். அந்தக் குழந்தைகளின் தெருவுக்கு கேமரா வந்ததே, அந்தத் தெரு போகப்போகிறது என்பதால்தான். இது தெரியாமல் அந்தப் படங்களை வெறும் 'பழமையின் அழகு' என்று ரசிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஓரங்கள் எவ்வளவு பேசும் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் சான் பிரான்சிஸ்கோ. மைல்ஸ் சகோதரர்கள் அங்கே மார்க்கெட் தெருவில் கேபிள் காரின் (தெருவில் தண்டவாளத்தில் ஓடும் டிராம் போன்ற வண்டி) முன்னால் கேமராவை வைத்து எடுத்த சலனப்படம் ஒன்று இருக்கிறது. அது 1905இல் எடுத்தது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. டேவிட் கீன் என்ற திரைப்பட வரலாற்றாளர் அதில் சாலையோரம் தேங்கிய மழைநீரைக் கவனித்தார். சொல்லப்பட்ட மாதத்தில் அப்படி மழையே இல்லை. பழைய செய்தித்தாள்களில் வானிலையைப் பார்த்தார், ஒரு காரின் எண்பலகையைப் பதிவேட்டில் தேடினார். கார் பதிவானது 1906 தொடக்கத்தில். கடைசியில், ஏப்ரல் 18 அன்று நகரை நாசமாக்கிய நிலநடுக்கத்துக்குச் சில நாள் முன்புதான் அது எடுக்கப்பட்டது என்று தெரியவந்தது. கேமராவுக்கு முன்னால் குறுக்கே ஓடும் அந்தப் பையன்களையும் வண்டிக்காரர்களையும் அதற்குப் பிறகு வேறு மாதிரிதான் பார்க்க முடிகிறது. இதை மாற்றியது ஒரு குட்டையும் ஒரு எண்பலகையும். 'தேவையில்லாத பகுதி' என்று நாம் வெட்டிவிடக்கூடியவை.

இப்போது ஏஐ செயலிகளுக்கு வருகிறேன். வண்ணம் பூசி, 'தெளிவாக்கி' ஒரு நாளைக்கு எத்தனை படங்கள்! பழைய தகடுகள் பெரும்பாலும் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்றாக உணர்ந்தன. அதனால் நீல வானம் வெள்ளையாக விழும், மேகம் தெரியாது. சிவப்புச் சட்டை கறுப்பாகத் தெரியும். அந்தச் சாம்பல் நிறத்தை வைத்துக்கொண்டு அது சிவப்பா கறுப்பா என்று செயலியால் சொல்லவே முடியாது. ஊகித்து ஒரு நிறத்தைப் போட்டுவிடும். நாம் அதையே அந்த ஊரின் நிறம் என்று நம்பிவிடுகிறோம். இதைவிட மோசம் தெளிவாக்குவது. மங்கிய கடைப் பலகையின் எழுத்து எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கலாகிறது, மங்கிய முகம் யாரோ புது ஆளின் முகமாகிறது. ஒருகாலத்தில் உண்மையாக வாழ்ந்த ஒருவரின் இருக்கிற ஒரே படம் அதுவாக இருக்கலாம். அதை அழித்து வேறு முகம் வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. போடத்தான் வேண்டும் என்றால் மூலப்படத்தையும் பக்கத்திலேயே போடுங்கள்.

கலை நோக்கமே இல்லாத படங்கள்தான் சில நேரம் அதிகம் தருகின்றன. 1939க்கும் 1941க்கும் இடையில் நியூயார்க்கில் சொத்து வரி மதிப்பீட்டுக்காக ஏறத்தாழ ஒவ்வொரு கட்டடத்தையும் படம் எடுத்தார்கள். சுமார் 7,20,000 படங்கள். இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். பல படங்களில் மனை எண் போட்ட பலகை ஒன்று முன்னால் நிற்கும். அழகான கோணம், பொன்னான வெளிச்சம் எதுவும் கிடையாது. ஆனால் எந்தக் கட்டடம் என்ற சந்தேகமும் கிடையாது. யாரோ ஒருவருடைய தாத்தாவின் கடை, அதன் விலைப்பட்டியல், வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பவர் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆகவே வீட்டில் பழைய படமோ தபால் அட்டையோ இருந்தால், சட்டம் போட்ட ஓரம் வரை முழுசாக ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பென்சிலில் தெருப்பெயர் இருக்கலாம், ஸ்டுடியோ முத்திரை இருக்கலாம். அட்டையின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி செய்திக்கும் மறுபாதி முகவரிக்கும் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டன் அதை 1902இலும் அமெரிக்கா 1907இலும்தான் அனுமதித்தன; அந்த நாட்டு அட்டை என்றால் அதற்கு முன்னால் அச்சாகியிருக்க வாய்ப்பில்லை. அட்டை அச்சான வருடம் வேறு, படம் எடுத்த வருடம் வேறு என்பதையும் மறக்கக்கூடாது. பழைய நெகட்டிவை வைத்தே பல வருடம் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்த வருடத்துக்கு மறுபடியும் முன்பக்கம் திரும்பி, டிராமையும் ஒயரையும் கடைப் பலகையையும்தான் பார்க்க வேண்டியிருக்கும்.