பால் கொடுத்தால் அடுத்த கரு தங்காதா?

"பிள்ளை பால் குடிக்கும்வரை அடுத்த கரு தங்கவே தங்காது, உடனே பாலை மறக்கடியுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

குழந்தை பால் உறிஞ்சும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்து, கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும், சரிதான். ஆனால் அந்தத் தடை வலுவாக இருப்பது முதல் 6 மாதத்தில், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதபோதுதான். அப்புறம் பிள்ளை சோறு, இட்லி சாப்பிட்டு, இரவுப் பாலும் குறைந்தால் முட்டை வெளியாகத் தொடங்கிவிடும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு வரும் முதல் மாதவிடாய்க்கு முன்பே!

மாதவிடாய் சீராக வந்தால் பெரும்பாலும் பாலை நிறுத்தத் தேவையில்லை. வராதவர்கள் முதலில் இரவுப் பாலை மட்டும் குறைத்துப் பார்க்கலாம். அழ அழப் பிள்ளையைப் பிரிக்கச் சொல்வது கொடுமை. ஓராண்டு முயன்றும் தங்கவில்லையென்றால், 35 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் 6 மாதத்திலேயே, மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.