மண்ணு பிசையவா வந்தீங்க?

சனிக்கிழமை பாட்லக்கில் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் வாட்ஸப்பில் வந்திருக்கும். என் மகள் அடுத்த வருடம் பள்ளியில் செராமிக்ஸ், அதாவது மண்பாண்டம் செய்யும் வகுப்பு, கேட்கிறாள். ஏபி என்பது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எடுக்கும் பாடம். "ஏபி இருக்கும்போது செராமிக்ஸா? மண்ணு பிசையவா கலிஃபோர்னியா வந்தீங்க?" என்று ஒரு அண்ணா கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் மகள் தட்டை வைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் ஒரு திருத்தம். அவள் ஏபி எடுக்காமல் இல்லை. இப்போது 10-ஆம் வகுப்பில் உலக வரலாறு. அடுத்த வருடம் அமெரிக்க வரலாறு, ஆங்கிலம், உயிரியல். ஆக 4. ஐந்தாவதாகச் சுற்றுச்சூழல் அறிவியல் போடாமல் செராமிக்ஸ் இரண்டாம் வருடம் கேட்கிறாள். இதுதான் குற்றம்.

எண்ணிக்கைதானே உங்களுக்கு முக்கியம்? சரி, எண்ணுவோம். யூசி (கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகம்) கல்லூரிகள் போடும் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கில் ஏபி, ஆனர்ஸ் என்னும் கடினப் பாடங்களுக்கான கூடுதல் புள்ளி 8 செமஸ்டருக்குத்தான். அதிலும் 10-ஆம் வகுப்பில் படித்ததில் 4 செமஸ்டருக்கு மேல் எடுக்க மாட்டார்கள். 12-ஆம் வகுப்பு மதிப்பெண் அந்தக் கணக்கிலேயே வராது. ஒரு ஏபிக்கு 2 செமஸ்டர் என்றால், அவளுடைய 4 ஏபியிலேயே குடம் நிரம்பிவிட்டது. மேலே ஊற்றினால் வழியும், அவ்வளவுதான்.

"அது யூசி. தனியார் கல்லூரிகள் பாடத்தின் கடினத்தைப் பார்க்கும்" என்பீர்கள். பார்க்கும். யூசியும்தான் பார்க்கும். அந்த மாணவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம் என்று பள்ளிக் கவுன்சிலர் குறிக்க, பல தனியார் கல்லூரிகள் வாங்கும் பொது விண்ணப்பமான காமன் ஆப்பில் ஒரு கட்டமே இருக்கிறது. அந்த ஒரு டிக்குக்காக 15 வயதுப் பிள்ளை ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்க வேண்டுமா? வேண்டும் என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

"ஐடியில் சம்பாதிக்கிறீங்க, அதான் இப்படிப் பேச முடியுது அக்கா" என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். நான் ஐடிக்கு வந்த கதையையும் கேளுங்கள். 1993, விருதுநகர் பக்கம், ப்ளஸ் ஒன். எனக்கு வரலாறு படிக்க ஆசை. "இவ்ளோ மார்க் வாங்கிட்டு தேர்ட் குரூப்பா?" என்றார் சித்தப்பா. விண்ணப்பத்தை வாங்கி ஃபர்ஸ்ட் குரூப் என்று அவரே எழுதினார். தவளை அறுத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நுழைவுத்தேர்வையும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப் போட்ட காலம் அது. கால் மார்க்குக்கெல்லாம் அழுதிருக்கிறோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. நன்றாகத்தான் இருக்கிறேன், யாரும் பாவம் பார்க்க வேண்டாம். ஊருக்குப் போகும்போது மட்டும் கோயில் கல்வெட்டு முன்னால் நின்று, ஒரு எழுத்தும் புரியாமல் திரும்பி வருகிறேன்.

அப்புறம் இன்னொன்று. இதே அண்ணா போன வருடம் மகனைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். ஏபி ஸ்பானிஷ் இருக்கிறது, ஏபி தமிழ் இல்லையாம். உண்மைதான். ஜப்பானியம், லத்தீன் வரைக்கும் உண்டு, தமிழ் கிடையாது. எட்டு வருடம் ல, ள, ழ பழகிய பையன். பத்து நாள் முன்பு கடையில் பார்த்தபோது "ஹாய் ஆன்ட்டி"யோடு நிறுத்திக்கொண்டான். அவர் பிள்ளை, அவர் இஷ்டம். நான் நாலு பேர் முன்னால் வைத்துச் சிரித்தேனா?

"அவர் நல்லதுக்குத்தானே சொன்னார்" என்பவர்களுக்கு: நல்லதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். என் சித்தப்பாவும் நல்லதுக்குத்தான் எழுதினார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அன்றிரவு தூக்கம் வராமல் நானும் லேப்டாப்பைத் திறந்து பாடப் பட்டியலைப் பார்த்தேன். காலையில் அவளிடம், "வேணும்னா மாத்திக்கலாமா கண்ணு?" என்று கேட்டும்விட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. நான் காபி குடித்துக்கொண்டிருந்தது அவள் செய்த கோப்பையில்.

படிவத்தில் நேற்று கையெழுத்துப் போட்டாயிற்று. செராமிக்ஸ்தான்.

அண்ணா, இதை நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் வீட்டுப் புளியோதரைத் தூக்கு எங்கள் காரிலேயே இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.