வழிக்காவல் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நெடுநாளாக மனதில் கிடந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு ஒரு சிறைவாசியை அழைத்து வந்தார்கள். வலது மணிக்கட்டில் விலங்கு, அதன் மறுமுனை காவலரின் இடுப்பு வாரில். நாக்கின் இடது ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஆறாத புண். எத்தனை நாளாக இருக்கிறது என்று அவரைக் கேட்டால் காவலர் பதில் சொன்னார். சற்று வெளியே நில்லுங்கள் என்றேன். "ஆள் தப்பிவிட்டால் என் வேலை போய்விடும், டாக்டர்" என்றார். அவர் பயம் அவருக்கு. மூவரும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தபடியே பரிசோதனை நடந்தது. பார்த்தவுடனேயே புற்றுநோயோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று எழுதி, அடுத்த வாரத்துக்குத் தேதி போட்டுக் கொடுத்தேன்.

அவர் வந்தது 11 வாரம் கழித்து. கோப்பைப் புரட்டினேன். நான் கொடுத்த தேதிக்கு நேரே "வழிக்காவல் இல்லை" என்று எழுதியிருந்தது, அதாவது கைதியைச் சிறையிலிருந்து வெளியே அழைத்துவரக் காவலர் இல்லை. பிறகு வாங்கிய தேதிக்கும் அதே இரண்டு சொற்கள். மூன்றாவதற்கும் அதே, அதே கையெழுத்தில், அதே நீல மையில். இதற்குள் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. சின்ன அறுவையோடு போயிருக்க வேண்டிய நோய் பாதி நாக்கைக் கேட்டது.

யார் மேல் கோபப்படுவது? சிறை மருத்துவர் புண்ணைக் கவனித்து, சரியாகச் சந்தேகப்பட்டு, முறையாக அனுப்பியிருந்தார். வழிக்காவலுக்கு ஆள் ஒதுக்குகிறவர் அன்று இருந்த ஆட்களை நீதிமன்றத்துக்கு அனுப்பியிருப்பார். நீதிமன்றத் தேதி தவறினால் நீதிபதி கேள்வி கேட்பார். மருத்துவமனைத் தேதி தவறினால் கேட்க ஒருவருமில்லை. அந்தக் கேள்வி கேட்கிற இடத்தில் மருத்துவர் இருக்க வேண்டும், அதற்குச் சிறை மருத்துவம் சிறைத்துறையின் கையிலிருந்து சுகாதாரத் துறையின் கைக்கு மாற வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்ற சிறைவாசிகளுக்கான குறைந்தபட்ச விதிகள் இதன் அடிப்படையைத் தெளிவாகவே சொல்கின்றன. வெளியே இருப்பவர்களுக்குக் கிடைக்கிற அதே தரத்தில், கட்டணமின்றிச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 24ஆம் விதி. மருத்துவ முடிவுகளை மருத்துவப் பணியாளர்கள் மட்டுமே எடுக்க வேண்டும், மருத்துவர் அல்லாத சிறை ஊழியர்கள் அவற்றை மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது என்கிறது 27ஆம் விதி. "வழிக்காவல் இல்லை" என்று மூன்று முறை எழுதியது புறக்கணிப்பு இல்லாமல் வேறென்ன?

அந்த விதிகளுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவருக்கே 1988இல், 70 வயதில், சிறையில் இருக்கும்போது காசநோய் வந்தது. நல்ல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தார்கள், பிழைத்தார். உலகமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காத அறையில் இருமுகிறவனை நினைத்துப் பாருங்கள். சிறைக்குள் காசநோய் வெளியுலகைவிட ஏறத்தாழ 10 மடங்கு அதிகம். நெரிசல், காற்றோட்டம் இல்லாத அறை, தாமதமாகக் கண்டுபிடிப்பு, எல்லாம் ஒன்றுசேர்ந்த கணக்கு அது. அந்தக் கிருமிக்கு மதில் தெரியாது. காவலர் பணி முடிந்து வீட்டுக்குப் போகிறார், பார்வையாளர்கள் வந்து போகிறார்கள், கைதிகள் விடுதலையாகிறார்கள்.

நார்வே 1988இலேயே சிறை மருத்துவத்தை உள்ளாட்சிகளின் பொறுப்பில் விட்டுவிட்டது. பிரான்ஸ் 1994இல் பொது மருத்துவமனைகளிடம் ஒப்படைத்தது. இங்கிலாந்தில் 2006இல் தேசியச் சுகாதார சேவையின் கைக்கு முழுமையாக மாறியது. உண்மையை மறைக்க வேண்டாம், அங்கும் வழிக்காவல் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2017-18இல் இங்கிலாந்தில் சிறைவாசிகளுக்குக் குறித்த புறநோயாளித் தேதிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் தவறிப்போயின. ஆனால் அந்த 40 என்ற எண் மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து வெளியே வந்தது. நான் பார்த்த நோயாளியின் மூன்று தேதிகளோ அவருடைய கோப்போடு முடிந்துவிட்டன. எண்ணுவதற்கு ஆள் இருந்தால்தான் கேள்வி பிறக்கும்.

கேள்வி பிறக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா சாட்சி. ஏறத்தாழ 80,000 பேருக்காகக் கட்டிய சிறைகளில் அதைப்போல் இரு மடங்குப் பேரை அடைத்திருந்தார்கள். மருத்துவக் குறைபாட்டால் ஆறேழு நாளுக்கு ஒரு கைதி வீணாகச் செத்துக்கொண்டிருந்தார் என்று நீதிமன்றம் கண்டது. சிறை மருத்துவ நிர்வாகத்தையே அரசிடமிருந்து எடுத்துத் தனி அதிகாரியிடம் கொடுத்தது. அப்படியும் நெரிசல் குறையாமல் வைத்தியம் நடக்காது என்றாகி, 2011இல் ஆட்களைக் குறைக்கும்படியான உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இதைப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும்: "நேர்மையாக வாழ்கிறவனுக்கே நல்ல வைத்தியம் கிடைக்கவில்லை, குற்றவாளிக்கு எதற்கு?" எனக்கு நெருங்கியவர்களே கேட்டிருக்கிறார்கள். வெளியே இருப்பவனுக்கு ஒரு மருத்துவர் சரியாகப் பார்க்கவில்லை என்றால் பஸ் ஏறி இன்னொருவரிடம் போகலாம், கடன் வாங்கலாம், மருந்துக்கடையில் மாத்திரையாவது கேட்கலாம். சிறைவாசியின் கையிலிருந்து அத்தனையையும் பிடுங்கியது அரசு. பிடுங்கியவர்தான் கொடுக்கவும் வேண்டும். என் நோயாளிக்கு நீதிபதி ஆறு வருடம் என்று எழுதினார், நாக்கைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அதோடு, உலகச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இன்னும் தீர்ப்பே ஆகாத விசாரணைக் கைதி.

சிறப்பு மருத்துவம் என்றாலே ஆளை வெளியே கொண்டுபோவது என்று நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய எக்கோ திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. கல்லீரல் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்த இடம் அது. அவர் நோயாளிகளை வரவழைக்கவில்லை. சிற்றூர்களிலும் சிறைகளிலும் இருந்த சாதாரண மருத்துவர்களை வாரந்தோறும் காணொளியில் சந்தித்து, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கூடிப் பேசி, ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கான சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தார். 2011இல் முடிவு வெளியானது. பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம். ஐந்து சிறைகள் உட்பட 21 இடங்களில் 58.2 சதவீதம். சிறை மருத்துவர் கையாலாகாதவர் என்ற பேச்சை அந்த இரண்டு எண்களும் பொய்யாக்கிவிட்டன. நாக்குப் புண்ணைத் திரை வழியே வெட்டி எடுக்க முடியாதுதான். ஆனால் சர்க்கரை, வலிப்பு, தோல், மனநோய் என்று திரை வழியே பார்க்கக்கூடியவற்றை அங்கேயே பார்த்துவிட்டால், இருக்கிற வழிக்காவல் உண்மையிலேயே வெளியே போக வேண்டியவருக்கு மிஞ்சும்.

அடிப்படை வைத்தியத்திலும் இதே கதைதான். இரவில் கதவு பூட்டிய பிறகு ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது என்று வையுங்கள். பக்கத்தில் படுத்தவர் கம்பியைத் தட்டிக் கூப்பிட வேண்டும். காவலர் வந்து பார்க்க வேண்டும், நடிக்கிறானா என்று யோசிக்க வேண்டும், மேலதிகாரியிடம் கேட்க வேண்டும், சாவி வர வேண்டும். அடைபட்ட இதய ரத்தக்குழாய் இத்தனை பேருக்காகக் காத்திருக்காது. நெஞ்சுவலி என்றால் யாரையும் கேட்காமல் கதவைத் திற என்று ஒரு மருத்துவர் எழுதிய நிலையான உத்தரவு ஒவ்வொரு கட்டடத்திலும் தொங்க வேண்டும். அதற்குச் செலவு ஒரு காகிதம்.

விடுதலை நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007இல் வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 12.7 மடங்கு. முதன்மைக் காரணம் போதை மருந்து அளவு மீறியது. உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், கை மட்டும் பழைய அளவையே எடுக்கும்.

விடுதலையாகிறவருக்கு அவருடைய சட்டை, செருப்பு, கடிகாரம், சில்லறை எல்லாவற்றையும் பதிவேட்டில் சரிபார்த்து, கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். அதே மேசையில் அவருடைய மருத்துவக் கோப்பின் நகலையும், ஒரு மாத மாத்திரையையும், அடுத்து எந்த மருத்துவரிடம் எந்தத் தேதியில் போக வேண்டும் என்று எழுதிய சீட்டையும் வையுங்கள். அந்தத் தேதிக்கு அவர் தானே நடந்து வருவார். வழிக்காவல் தேவைப்படாது.